ஜெட் பயிற்சிக்கு மேடை கொடுக்கும் முன்: நம் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுதோறும் கல்வி வழிகாட்டிக் கருத்தரங்கு நடத்தும் இந்தியர் அமைப்புகளின் தலைவர்களுக்கும் செயலவையினருக்கும், வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செந்தூலில் ஒரு கோயில் மண்டபத்தில் உங்களில் ஓர் அமைப்பு நடத்திய கருத்தரங்குக்கு நானும் வந்திருந்தேன். எஸ்.பி.எம் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதிய தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மருத்துவம், தாதிமை, கணக்கியல், தொழிற்கல்வி என்று மேசைகளை வரிசையாகப் போட்டிருந்தீர்கள். நாற்காலியிலிருந்து தண்ணீர் பாட்டில் வரை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தீர்கள். விமானப் பயிற்சி மேசைக்காரருக்கு மட்டும் மேடையில் இருபது நிமிடம் கொடுத்தீர்கள். அந்த இருபது நிமிடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

விமானி லைசன்ஸ் எடுத்து, 200 மணி நேரம் பறந்து, வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக அவர் பேசினார். சொந்தச் செலவில் ஏ320 டைப் ரேட்டிங் (ஏர்பஸ் ஏ320 ஜெட்டை ஓட்டும் தகுதி) எடுத்துவிட்டால் ஏர்லைன் கதவு திறந்துவிடும் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது.

அப்புறம் சாப்பாட்டு வரிசையில் ஒரு அம்மா என்னிடம் வந்தார். நான் விமானி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு அதைத் திறந்தார். மகனின் லைசன்ஸ் நகல், பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கின் கடைசிப் பக்க நகல் (208 மணி நேரம்), அந்த மேசையில் கொடுத்த விலைப்பட்டியல், அதற்கு அடியில் அவருடைய இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கறிக்கை. விலைப்பட்டியலில் இருந்த தொகையையும் கணக்கறிக்கையில் இருந்த தொகையையும் நீலப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"இதைக் கட்டிட்டா வேலை கிடைச்சிடுமாம்மா?" என்று கேட்டார்.

"உறுதியாச் சொல்ல முடியாதுங்கம்மா" என்றேன். வரிசை நகர்ந்தது. அவர் தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இருக்கிறது. அதற்கு நான் கொடுத்த விலை ஒரு லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். இருந்தும் ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிட்டேன். மீதியை உங்களுக்கு எழுதுகிறேன், ஏனென்றால் அந்த நம்பிக்கை அவருக்கு உங்கள் மேடையிலிருந்து வந்தது.

நான் 2012-இல் லைசன்ஸ் எடுத்தேன். அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை அடமானம் வைத்துத்தான் பறக்கும் பள்ளிக்கு அனுப்பினார். இரண்டு வருடம் எல்லா ஏர்லைனுக்கும் எழுதிப் பார்த்தேன். பதிலே வரவில்லை. 2014-இல் ஒரு பயிற்சி நிறுவனம், போன மாதம் உங்கள் மேடையில் கேட்ட அதே பேச்சைப் பேசியது. அப்பா மறுபடியும் வங்கிக்குப் போனார்.

பயிற்சிக் காலத்தில் ஏ320 காக்பிட்டின் ஆளுயரப் படத்தை அச்சடித்து வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். எல்லா மாணவர்களும் அப்படித்தான் படிப்பார்கள். படத்துக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. வலது பக்கம் நான், இடது பக்கம் அப்பா. செக்லிஸ்ட்டை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படிப்பார். "பாசிட்டிவ் கிளைம்ப்" என்று அவர் சொல்ல, "கியர் அப்" என்று நான் சொல்ல, காகிதத்தில் இருக்கும் சக்கர நெம்புகோலை அவர் விரலால் மேலே தள்ளுவார். இரவு பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி விடிகாலை நான்கு மணிக்கு முடியும் சிமுலேட்டர் (தரையில் இருந்தபடியே ஓட்டிப் பழகும் மாதிரி காக்பிட்) நேரம்தான் எங்களுக்குக் கட்டுப்படியானது. முடித்து வெளியே வரும்போது அப்பா கார் நிறுத்துமிடத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்.

ரேட்டிங்கை நல்லபடியாக முடித்தேன். வேலை கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்பது எனக்குப் புரியவே பல வருடம் ஆனது. பெற்றோர்களுக்கு இது யாரும் சொல்லாத விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டைப் ரேட்டிங் என்பது ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டலாம் என்ற தகுதி. ஏ320-க்கு எடுத்தால் அந்த விமானக் குடும்பத்துக்கு மட்டும்தான், போயிங் 737-க்குச் செல்லாது. சில வாரம் வகுப்பு, அப்புறம் நான்கு நான்கு மணி நேரமாகச் சிமுலேட்டர், கடைசியில் ஒரு பரீட்சை. சிமுலேட்டரில் முப்பது நாற்பது மணி நேரம் உட்கார்ந்தாலும் லாக்புக்கில் அது தனிப் பத்தியில்தான் போகும். விமானத்தில் பறந்த நேரம் 208 என்றால் 208 ஆகவே இருக்கும். வேலை விளம்பரத்தைப் பாருங்கள்: ரேட்டிங் உள்ளவர் வேண்டும் என்று கேட்கும் இடத்தில், அந்த ரக விமானத்திலேயே 500 மணி நேரம் போலப் பறந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். நம் பிள்ளையிடம் முதல் பாதி இருக்கிறது, இரண்டாம் பாதி இல்லை. அந்த இரண்டாம் பாதியை ஏர்லைனுக்குள் போனால்தான் சம்பாதிக்க முடியும்.

இன்னொன்று. மணி நேரம் குறைந்தவருக்குச் சிமுலேட்டர் மட்டும் போதாது. ஐரோப்பிய விதியில், பல விமானிகள் சேர்ந்து ஓட்டும் விமானத்தில் போதிய அனுபவம் உள்ளவருக்குத்தான் முழுக்கச் சிமுலேட்டரிலேயே முடிக்கும் சலுகை உண்டு. மற்றவர் உண்மையான ஜெட்டை எடுத்துப் போய், பயணிகள் இல்லாமல், வழக்கமாக ஆறு முறை ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டும். இதற்குப் பெயர் பேஸ் டிரெயினிங். விமானமும் எரிபொருளும் பயிற்சிக் கேப்டனும் வேண்டும் என்பதால் இது தனிச் செலவு. என் விலைப்பட்டியலில் அது இல்லை. அந்த அம்மாவின் விலைப்பட்டியலையும் நின்றுகொண்டே புரட்டிப் பார்த்தேன், அதிலும் அந்தச் சொல்லே இல்லை.

ரேட்டிங் கைக்கு வந்த பிறகும் செலவு நிற்பதில்லை. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் சோதனை கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) அப்படித்தான், முதல் வகுப்பு மெடிக்கலும் (விமானிக்கான மருத்துவச் சோதனை) அப்படித்தான். வேலையில் இருப்பவருக்கு இவற்றை ஏர்லைன் பார்த்துக்கொள்ளும். வேலை இல்லாதவர் தானே சிமுலேட்டர் வாடகை கட்டி, பக்கத்தில் உட்கார இன்னொரு ஆளையும் தேட வேண்டும். நான் ஒரு முறை புதுப்பித்தேன். இரண்டாம் வருடம் முடியவில்லை. ரேட்டிங் காலாவதியானது. சுவரில் இருந்த படத்தை மட்டும் அப்பா எடுக்க விடவில்லை.

காலமும் என் பக்கம் இல்லை. நான் ரேட்டிங் எடுத்த அதே 2014-இல்தான் மார்ச்சில் எம்எச்370 விமானம் காணாமல் போனது, ஜூலையில் எம்எச்17 சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த வருடம் மலேசியா ஏர்லைன்ஸ் மறுசீரமைப்பில் சுமார் 6,000 ஊழியர்கள் வேலை இழந்தார்கள். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களே வெளியில் வேலை தேடும்போது, 200 மணி நேரக்காரியை யார் கூப்பிடுவார்கள்? 2020 மார்ச்சில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோதும் அதே நிலை. 2022 டிசம்பரில் பறக்கத் தொடங்கிய மைஏர்லைன் என்ற மலேசிய ஏர்லைன், 2023 அக்டோபர் 12-ஆம் தேதி திடீரென்று சேவையை நிறுத்தியது. அது ஓட்டியதும் ஏ320-தான். முந்தின நாள் வரை அந்த விமானத்தைப் பயணிகளோடு ஓட்டிய விமானிகள் மறுநாளே வேலை தேடும் வரிசைக்கு வந்தார்கள். சிமுலேட்டரில் மட்டும் ரேட்டிங் எடுத்த பிள்ளை அவர்களோடு போட்டி போட வேண்டும். மேடையில் இதைச் சொன்னார்களா?

அப்படியானால் ஜெட் பயிற்சி வீணா? இல்லை. இதை நான் மனதார எழுதுகிறேன். பறக்கும் பள்ளியில் நாம் ஓட்டும் செஸ்னா ஒரு டன் எடைதான் இருக்கும். ஓடுபாதைக்கு 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) வேகத்தில் வரும். ஏ320 அறுபது டன்னோடு 135 நாட் வாக்கில் வரும். வடக்கிலிருந்து 30,000 அடியில் கேஎல்ஐஏ விமான நிலையத்துக்கு வருகிறோம் என்றால் ஈப்போவைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டே வர வேண்டும். அந்தக் கணக்கில் பிந்தினால் கோலாலம்பூருக்கு மேல் உயரமாகவும் வேகமாகவும் வந்து நிற்போம். சிறிய விமானத்தில் இந்தப் பாடம் கிடைக்காது. பக்கத்தில் ஒரு கேப்டனை வைத்துக்கொண்டு, யார் ஓட்டுகிறார், யார் கவனிக்கிறார், யார் எப்போது என்ன சொல்ல வேண்டும் என்று பழகுவதும் அங்கே கிடைக்காது.

ஆனால் இந்தப் பாடத்துக்கு முழு டைப் ரேட்டிங் தேவையில்லை. இருவராகச் சேர்ந்து ஓட்டப் பழகும் மல்டி குரூ பயிற்சியும், ஜெட்டின் வேகத்துக்குப் பழக்கும் ஜெட் ஓரியண்டேஷன் பயிற்சியும் இதற்காகவே இருக்கின்றன. சில வாரத்தில் முடியும், செலவும் முழு ரேட்டிங்கோடு ஒப்பிட்டால் சிறு பங்குதான். ஏர்லைனிலிருந்து சிமுலேட்டர் தேர்வுக்குக் கூப்பிட்ட பிள்ளைக்கு இது நிச்சயம் கைகொடுக்கும். என் வேலையில் சில நாள் தேர்வுக்கு வருகிறவர்களோடு பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டியிருக்கிறது. ரேட்டிங் எடுத்தவர்கள் பட்டன்களைத் தெரிந்துவைத்திருப்பார்கள், கை வேகமாகப் போகும். ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டு வெறும் கருவிகளைப் பார்த்து ஓட்டச் சொல்லும்போது, இரண்டு வருடம் எதையுமே ஓட்டாமல் இருந்தவர் தடுமாறுகிறார். செஸ்னாவில் தினமும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் கருவியின் முள்ளை நேராகப் பிடிக்கிறார். நான் பார்த்தவர்களை வைத்துத்தான் சொல்கிறேன், எல்லோருக்கும் இப்படித்தான் என்று இல்லை.

என் கதையும் அப்படித்தான் திரும்பியது. 2016-இல் பயிற்றுநர் ரேட்டிங் எடுத்து ஒரு பறக்கும் பள்ளியில் சேர்ந்தேன். சம்பளம் சொல்லும்படி இல்லை. ஆனால் லாக்புக் நிறைந்தது. ஏறக்குறைய 900 மணி நேரம் ஆனபோது ஏர்லைனிலிருந்து தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். எடுத்துக்கொண்ட பிறகு அவர்களே ஏ320 ரேட்டிங் கொடுத்தார்கள், முதல் வகுப்பிலிருந்து. பழைய ரேட்டிங்கை யாரும் கேட்கக்கூட இல்லை. இத்தனை வருடம் வேலை செய்வேன் என்ற பாண்டில் கையெழுத்துப் போட்டேன், வருடக் கணக்கில் வேலை செய்து கழித்தேன். அப்பா கட்டிய ஒரு லட்சம் அப்படியே போனது. பயிற்றுநர் வேலையும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை, பள்ளிகள் கொஞ்சம்தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என்னோடு ரேட்டிங் எடுத்தவர்களில் ஒருவருக்கு மூன்றே மாதத்தில் வேலை கிடைத்தது என்பதும் உண்மை. வெளிநாட்டு ஏர்லைன் ஒன்று அப்போது வேகமாக விமானம் வாங்கிக்கொண்டிருந்தது, ரேட்டிங் உள்ளவர்களை உடனே எடுத்தது. அவருடைய படம்தான் பிறகு அந்தப் பயிற்சி நிறுவனத்தின் விளம்பரத்தில் வந்தது. மற்றவர்களின் படம் வரவில்லை.

ஆகவே என் பதில் இதுதான். ஏர்லைன் ஒன்று பிள்ளையைத் தேர்வு செய்து, கடிதம் கொடுத்து, இந்த ரேட்டிங்கை எடுத்துக்கொண்டு வா என்று சொன்ன பிறகு கட்டும் பணம் வேறு. ஐரோப்பாவில் ரயன்ஏர் தேர்ந்தெடுத்த இளம் விமானிகள் 737 பயிற்சிக்குத் தாங்களே செலவு செய்யும் வழக்கம் பல வருடம் இருந்தது. கஷ்டமான ஏற்பாடுதான், ஆனால் பணம் கட்டும்போதே எங்கே போய் உட்காரப் போகிறோம் என்று தெரிந்திருந்தது. 2006-இல் வந்த எம்.பி.எல் என்ற, பல விமானிகள் சேர்ந்து ஓட்டும் விமானத்துக்கான லைசன்ஸும், தொடக்கத்திலேயே ஓர் ஏர்லைனோடு சேர்த்துக் கட்டப்பட்ட பயிற்சி. அந்தக் கடிதம் இல்லாமல், கிடைத்தாலும் கிடைக்கும் என்று கட்டும் பணம் வேறு. உங்கள் மேடையில் விற்றது இரண்டாவதை.

இதைவிட மோசமான ஒன்றும் வந்துகொண்டிருக்கிறது, முன்கூட்டியே எச்சரிக்கிறேன். ரேட்டிங் எடுத்தும் வேலை கிடைக்காதவர்களிடம் லைன் டிரெயினிங் என்று அடுத்த பொட்டலத்தை விற்பார்கள். எங்கோ ஒரு நாட்டு ஏர்லைனில் 300 அல்லது 500 மணி நேரம், பயணிகள் இருக்கும் விமானத்தில், துணை விமானி இருக்கையில். சம்பளம் வாங்குவதற்குப் பதில் நாம் பணம் கட்ட வேண்டும். மணி நேரம் முடிந்ததும் அந்த இருக்கை அடுத்துப் பணம் கட்டியவருக்குப் போகும். சம்பளம் வாங்கும் ஒரு துணை விமானிக்கு வேலை இருக்க வேண்டிய இடம் அது. ஐரோப்பிய விமானிகள் சங்கங்களின் கூட்டமைப்பான ஈ.சி.ஏ இதைப் பல வருடமாக எதிர்த்துவருகிறது. கடனில் இருக்கும் ஒருவர் உடம்பு சரியில்லை என்றாலும், களைப்பு என்றாலும், 'இன்று என்னால் பறக்க முடியாது' என்று எப்படிச் சொல்வார்? கட்டிய மணி நேரம் போய்விடுமே. பின்னால் 180 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வியே வேறு மாதிரி. 2009-இல் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த விதிப்படி, 2013 முதல் துணை விமானிக்கே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். அங்கே எந்த ஜெட் ரேட்டிங்கும் அந்த மணி நேரத்துக்கு ஈடாகாது. நம் நாட்டில் 200 மணி நேரத்திலும் சட்டப்படி ஏர்லைனில் உட்காரலாம். அதனால்தான் இங்கே இந்த விற்பனை நடக்கிறது.

இனி உங்களிடம் நேராகக் கேட்கிறேன். அடுத்த கருத்தரங்கில் விமானப் பயிற்சி விற்பவருக்கு மேடை கொடுப்பதற்கு முன், கடந்த மூன்று வருடத்தில் சொந்தப் பணம் கட்டி ரேட்டிங் எடுத்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இன்று அந்த ரக விமானத்தை ஓட்டுபவர்கள் எத்தனை பேர் என்று எழுத்தில் கேளுங்கள். சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லிச் சமாளிப்பார்கள், விடாதீர்கள். எந்த ஏர்லைனோடு ஒப்பந்தம் என்றால் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பேஸ் டிரெயினிங் விலைக்குள் இருக்கிறதா, பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா, வெளிநாட்டில் எடுக்கும் ரேட்டிங்கை நம் விமானப் போக்குவரத்து ஆணையமான சி.ஏ.ஏ.எம் ஏற்றுக்கொள்ளுமா என்றும் கேளுங்கள். நல்ல நிறுவனத்துக்கு இந்தக் கேள்விகளால் ஒரு கஷ்டமும் இல்லை. பதில் சொல்ல மறுப்பவருக்கு மேசை வேண்டுமானால் கொடுங்கள், ஒலிவாங்கியைக் கொடுக்காதீர்கள். நம் ஜனங்கள் மேசையைப் பார்த்து நம்புவதில்லை. தலைவர் மாலை போட்டு மேடையில் உட்கார வைத்தவரைப் பார்த்து நம்புகிறார்கள்.

உங்கள் அமைப்பின் சின்னத்தை அவர்களுடைய கடன் படிவத்திலும் துண்டறிக்கையிலும் போட விடாதீர்கள். அன்று நான் வாங்கிய துண்டறிக்கையில் கோயில் மண்டபத்தின் படமும் உங்கள் சின்னமும் இருந்தன.

கல்வி நிதியில் விமானப் பயிற்சிக்கு ஒரு தொகை ஒதுக்க எண்ணம் இருந்தால், முழு ரேட்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். மல்டி குரூ, ஜெட் ஓரியண்டேஷன், வருடாவருடம் வரும் மெடிக்கல், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் புதுப்பிப்பு, இவற்றுக்கு உதவுங்கள். வேலை தேடும் பிள்ளையின் லைசன்ஸ் உயிரோடு இருந்தால்தான் கூப்பிடும் நாளில் போய் நிற்க முடியும். சம்பளமில்லாத வருடங்களில் இந்தச் சின்னச் செலவுகளில்தான் பல பேர் விட்டுவிடுகிறார்கள்.

வேலை கிடைத்தவர்களை மட்டும் பேச அழைக்காமல், கிடைக்காதவர்களையும் அழையுங்கள். எனக்குத் தெரிந்து இரண்டு பேர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் இப்போது கிள்ளானில் தளவாட நிறுவனத்தில் இருக்கிறார், இன்னொருவர் காப்புறுதி விற்கிறார். நானும் வருகிறேன். எங்கள் ரோஸ்டர் (பணி அட்டவணை) மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், தேதியை முன்கூட்டியே சொன்னால் லீவு கேட்டுவிடுவேன்.

கடைசியாக, அவசரமான ஒரு காரியம். அந்த அம்மாவின் தொலைபேசி எண்ணை நான் வாங்கிக்கொள்ளவில்லை. மகன் 208 மணி நேரம் பறந்தவர், அம்மா பிளாஸ்டிக் கோப்போடு வந்தவர். உங்கள் வருகைப் பதிவேட்டில் பெயரும் எண்ணும் இருக்கும், வாசலில் எல்லோரிடமும் எழுதி வாங்கினீர்கள். தயவுசெய்து அவரைக் கூப்பிட்டு, இ.பி.எஃப் பணத்தை இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். என்னோடு பேச வேண்டும் என்றால் என் எண்ணைக் கொடுங்கள், செயலாளரிடம் இருக்கிறது. இந்த மாதம் 30-ஆம் தேதிக்குள் கட்டினால் விலைக் கழிவு என்று அந்த விலைப்பட்டியலில் சிவப்பில் போட்டிருந்தது.

அன்புடன்,
ஏர்லைனில் பணிபுரியும் ஒரு துணை விமானி,
செந்தூல், கோலாலம்பூர்